1971 டாப்ஸ் மன்சன் பேஸ்பால் கார்டுக்கு என் பிரெட்டையும் யவுன்ட்டையும் கொடுக்கலாமா?

எடிசன்காரன்:
வணக்கம். பத்து வயதில் திருச்சியிலிருந்து நியூஜெர்சிக்கு வந்தவன் நான். வந்த வேகத்தில் டாப்ஸ் கம்பெனியின் 1987 பேஸ்பால் கார்டு சேர்க்க ஆரம்பித்தேன், அந்த மரப்பலகை ஓரம் போட்டது. கல்லூரிக்குப் போனதும் விட்டாச்சு. இப்போது அம்மா வீட்டு பேஸ்மென்டைக் காலி செய்தபோது பெட்டி கைக்கு வந்தது. '87 முதல் '91 வரை குவியல் குவியலாக இருக்கிறது. அள்ளி அள்ளி அச்சடித்த காலம், அதை யாரும் சீண்டுவதில்லை. ஆனால் பேப்பர் போட்ட காசில் மால் கார்டு ஷோவில் வாங்கிய 1975 ஜார்ஜ் பிரெட் (எண் 228), ராபின் யவுன்ட் (எண் 223) இரண்டு ரூக்கி கார்டும் (ஆட்டக்காரரின் முதல் கார்டு) அதில் இருந்தன. முனைகள் லேசாக மழுங்கியிருக்கின்றன, மடிப்பு இல்லை.

இவை இரண்டுக்கும் ஒருவர் 1971 தர்மன் மன்சன் (எண் 5) தருகிறேன் என்கிறார். ஸ்லாப் போடாதது (தரம் பார்த்து பிளாஸ்டிக் பெட்டியில் அடைக்காதது), 'நியர் மின்ட்', அதாவது கிட்டத்தட்ட புதுசு மாதிரி, என்கிறார். முன்பக்கப் படம் மட்டும் அனுப்பினார். எனக்கு மன்சன் மேல் ஆசை. சரியான பேரமா? யார் முதலில் அனுப்புவது?

மெட்ஸ் மாமா:
ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். அதுவும் அதே தரத்தில் உள்ளதை. ரூக்கி இரண்டு, இருவருமே ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற பெரிய ஆட்டக்காரர்கள். சும்மா தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

கருப்பு ஓரம்:
'71 செட்டின் 752 கார்டையும் சேர்க்கிறேன் என்று வருடக்கணக்காக அலைகிறவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். அந்த வருடக் கார்டுக்குக் கருப்பு ஓரம். நகம் பட்டாலே வெள்ளை தெரியும். அதனால்தான் பழைய கார்டை 'நியர் மின்ட்' என்று யாராவது சொன்னால் என் கை தானாக லென்ஸைத் தேடும். உதிர்ந்த இடத்தில் மார்க்கர் பூசி விற்பது இந்த ஊரில் பழைய வித்தை.

முன்பக்கப் படம் போதாது. கார்டைச் செங்குத்தாக நிறுத்தி, வெட்டிய விளிம்பை மட்டும் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டையின் குறுக்குவெட்டு வெளுப்பாக இருக்க வேண்டும். அங்கே கருப்பு கசிந்திருந்தால் மார்க்கர்தான். அப்புறம் அதே வருடத்து காமன் கார்டு (பெரிய பெயரில்லாத ஆட்டக்காரர் கார்டு) ஒன்றின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் குட்டையாக இருந்தால் ஓரத்தை நறுக்கியிருக்க வாய்ப்புண்டு. பின்பக்கத்தில் பபிள்கம் கறை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மன்சன் மேல் ஆசை வருவது புரிகிறது. 1970இல் அமெரிக்கன் லீகின் சிறந்த ரூக்கி (புதுமுகம்) அவர், கார்டில் அந்தக் கோப்பைச் சின்னம் வேறு; 1979இல் விமான விபத்தில் போய்விட்டார். அவர் ஆடிய யாங்கீஸ் அணியின் ரசிகர்கள் அந்தக் கார்டை எளிதில் கைவிட மாட்டார்கள். ஆனாலும் பிரெட், யவுன்ட் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது அதிகம் என்பேன்.

எடிசன்காரன்:
நன்றி அண்ணா. விளிம்புப் படம் கேட்டேன். வந்தது. இடது பக்கம் முழுக்க மை இறங்கியிருக்கிறது! அவரிடம் சொன்னேன். "நான் வாங்கியபோதே அப்படித்தான்" என்றார். சண்டை போடவில்லை. இன்னொரு மன்சன் இருக்கிறதாம்; நான்கு முனையும் உருண்டு, ஓரமெல்லாம் வெள்ளை, ஆனால் யாரும் மை பூசவோ நறுக்கவோ செய்யாதது. அதற்கு யவுன்ட் மட்டும் போதும் என்கிறார்.

மெட்ஸ் மாமா:
எடுத்துக்கொள்ளுங்கள். பிரெட்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கருப்பு ஓரம்:
நானாக இருந்தாலும் வாங்குவேன். யார் நெடுநாளாக மாற்றிப் பெயர் வாங்கியவரோ அவருக்குப் புதியவர் முதலில் அனுப்புவது வழக்கம். அதனால் அவர் முன்பு யாரோடு மாற்றினார் என்று கேட்டு அவர்களை விசாரியுங்கள். கார்டுக்குப் பென்னி ஸ்லீவ் (மெல்லிய பிளாஸ்டிக் உறை), அதன் மேல் டாப்லோடர் (கெட்டி பிளாஸ்டிக் உறை), அதன் வாயில் நீல பெயின்டர்ஸ் டேப் (எளிதில் உரியும் டேப்). செலோடேப் வேண்டவே வேண்டாம், கார்டை உருவும்போது பசை ஒட்டும். இரண்டு அட்டைத் துண்டுக்கு நடுவே வைத்து பபிள் கவரில் டிராக்கிங்கோடு அனுப்புங்கள்.

அந்த '87 பெட்டியில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தால் இன்றே கழற்றுங்கள்.