சினாப்ஸ் நிறுவலில் பயனர் பதிவு மறுக்கப்படுகிறது

கேள்வி: சிங்கப்பூரின் தெம்பனிஸில் இயங்கும் எங்கள் வாசகர் வட்டத்துக்காக உபுண்டு இயங்குதளத்தில் மேட்ரிக்ஸ் சினாப்ஸை (சொந்தமாக நடத்தும் அரட்டைச் சேவையக மென்பொருள்) நிறுவினேன். அதனுடன் இணையும் எலிமெண்ட் அரட்டைச் செயலியில் கணக்குத் தொடங்கினால் 403 பிழை (அனுமதி மறுப்பு) வருகிறது. அமைப்புக் கோப்பில் பதிவை அனுமதித்தாலோ சேவையகமே எழ மறுக்கிறது.

மறுமொழி: இரண்டும் பழுதல்ல, ஐயா. திறந்த பதிவு, அதாவது யாரும் தாமே கணக்குத் தொடங்கும் வசதி, இயல்பாகவே மூடப்பட்டிருக்கும். மின்னஞ்சல் சரிபார்ப்போ கேப்சாவோ (மனிதர்தானா எனச் சோதிக்கும் புதிர்) அழைப்புக் குறியோ இல்லாமல் அதைத் திறந்தால் போலிக் கணக்குகள் குவியும் என்பதாலேயே சினாப்ஸ் தொடங்க மறுக்கிறது. சிறு வட்டத்துக்குத் திறந்த பதிவு தேவையே இல்லை. அமைப்புக் கோப்பில் பதிவை அனுமதிக்கும் வரியை நீக்கி, பதிவுக்கான பகிர்வு ரகசியத்தை (நிர்வாகி கணக்கு உருவாக்கப் பயன்படும் ரகசியச் சொல்) இட்டு, முனையத்திலிருந்து (கட்டளைச் சாளரம்) பயனர்களைச் சேருங்கள்.

இன்னொருவர்: சேவையகப் பெயரை இப்போதே சரிபாருங்கள், கணக்குகள் உருவானபின் அதை மாற்ற இயலாது.

கேட்டவர்: நன்றி. ரகசியத்தை இட்டபின் மறுதொடக்கம் செய்ய மறந்ததால் முதலில் மறுத்தது. செய்ததும் கணக்கு உருவாகிவிட்டது.