புதுப்பிப்பு: ஆன்டிபயாடிக் போட்டபின் எடுத்த முதுகுத்தண்டு நீர், லாக்டேட்தான் கைகொடுத்தது

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: காய்ச்சல், கழுத்து விறைப்போடு வந்த சர்க்கரை நோயாளி, மூளையுறை அழற்சி (மெனிஞ்சைட்டிஸ்) என்று சந்தேகம். எங்களிடம் வருமுன் வெளியிலேயே செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஏறியிருந்தது. முதுகுத்தண்டு நீரில் கிராம் சாயத்தில் (சாயமேற்றி நுண்ணோக்கியில் கிருமியைத் தேடும் சோதனை) ஒன்றும் இல்லை, கல்ச்சரிலும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எதுவும் வளரவில்லை, குளுக்கோஸ் 72 மி.கி./டெ.லி. வைரஸா, பாக்டீரியாவா என்று கேட்டிருந்தேன்.

"72-ஐத் தனியா பாக்காதீங்க, அதே நேரத்து ரத்தச் சர்க்கரையால வகுங்க" என்று ஒருவர் சொன்னதில்தான் விஷயம் திரும்பியது. ரத்தத்தில் 260, விகிதம் 0.28. சாதாரணமாக 0.6 பக்கம் இருக்கும், 0.4-க்குக் கீழே போனால் பாக்டீரியாவைச் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

முடிவைச் சாய்த்தது அதே முதுகுத்தண்டு நீரின் லாக்டேட் (ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரை உடையும்போது வரும் பொருள்). அதைப் பார்க்கச் சொன்ன அண்ணனுக்குத் தனி நன்றி. லிட்டருக்கு 6.4 மில்லிமோல் வந்தது, 3.5-ஐத் தாண்டினாலே பாக்டீரியா பக்கம்தான். ரத்த லாக்டேட் ஏறினாலும் இறங்கினாலும் இது பெரிதாக அசையாது. ஆனால் ஆன்டிபயாடிக் போட்டபின் இதன் உணர்திறனும் (நோயைத் தவறவிடாமல் பிடிக்கும் திறன்) குறையும். எனவே குறைவாக வந்திருந்தால் அதை நம்பி மருந்தை நிறுத்தியிருக்க மாட்டோம். பிறகு பிசிஆரில் (கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் சோதனை) நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா என்று வந்தது. செத்த கிருமியின் டிஎன்ஏகூட அதில் சிக்கும், கல்ச்சருக்கு உயிருள்ள கிருமி வேண்டும்.

எதிர்பாராத ஒன்று: அந்த நீரின் வெள்ளணுக்களில், வழக்கமாக வைரஸ் பக்கம் காட்டும் லிம்போசைட் பாதிக்கு மேல் இருந்தது. பாதி சிகிச்சை பெற்ற பாக்டீரியா நோயில் இப்படியும் வருமாம். இன்னொன்று, செல்களை உடனே எண்ணுங்கள். எடுத்த நீரை அப்படியே வைத்திருந்தால் நியூட்ரோஃபில் (பாக்டீரியா நோயில் ஏறும் வெள்ளணு) மளமளவென்று சிதைந்துவிடும்.

மூலம் காதுச் சீழ் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் கண்டுபிடித்தார். நோயாளி வீடு திரும்பிவிட்டார், கேட்கும் திறன் சோதனை மட்டும் பாக்கி.