கீழே விழுந்த வண்டி: ஃபோர்க்கை வீட்லயே நேராக்கலாமா?

டெல்டா ரைடர்:
நேத்து மழையில தஞ்சாவூர் பைபாஸ்ல நாய் குறுக்கே வந்து வண்டி வலது பக்கமா சாஞ்சிடுச்சு. 125 சிசி, வேகம் இருபதுக்குள்ளதான். எனக்குச் சிராய்ப்பு மட்டும். இப்போ வண்டி நேரா போகும்போது ஹேண்டில் பார் கோணலா நிக்குது. பட்டறையில தொட்டுக்கூடப் பார்க்காம "ஃபோர்க் செட்டே மாத்தணும்"னு, அதாவது முன்சக்கரத்தைத் தாங்குற ரெண்டு காலையுமே மாத்தணும்னு சொல்லிட்டாங்க. வீட்ல ஸ்பேனர் செட் இருக்கு. நானே பண்ணலாமா?

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
தாராளமா பண்ணலாம் தம்பி. பக்கவாட்டுல மெதுவா விழுந்தா பெரும்பாலும் ஃபோர்க் கால்ல இருக்கற பைப் வளையாது, டி-யோட (ரெண்டு பைப்பையும் மேலயும் கீழயும் சேர்த்துப் பிடிக்கிற கவ்வி) பிடிக்குள்ள முறுக்கிக்கும், அவ்வளவுதான். முதல்ல ஹேண்டில் பாரே வளைஞ்சிருக்கான்னு பாரு. அது இல்லேன்னா டபுள் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்குக் கீழ கட்டை முட்டுக்கொடு. மட்கார்டு போல்ட், ஆக்ஸில் நட், மேல் டி, கீழ் டி எல்லாத்தையும் லூஸ் மட்டும் பண்ணு, கழட்டாத. சக்கரத்தை முழங்காலுக்கு நடுவுல இறுக்கிப் பிடிச்சு ஹேண்டிலைத் திருப்பினா வந்துடும். டி ரெண்டையும் இறுக்கிட்டு, கட்டையை எடுத்து, முன் பிரேக் பிடிச்சு நாலஞ்சு தடவை நல்லா அமுக்கு. ரெண்டு காலும் தானா இணையா உட்காரும். அப்புறம்தான் ஆக்ஸில் நட், கடைசியா மட்கார்டு.

லேத் பட்டறை:
அண்ணே, இதை நான் ஒத்துக்க மாட்டேன். பைப் வளையறது கீழ் டி-க்கு ஒட்டினாப்புல அடியில. அங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. நிறைய வண்டிகளோட சர்வீஸ் மேனுவல்ல 0.2 மில்லிமீட்டர்தான் வளைவு எல்லை. அதை எந்தக் கண்ணால பார்ப்பீங்க? வளைஞ்ச பைப் ஆயில் சீலை (ஃபோர்க் ஆயில் வெளிய கசியாம தடுக்கிற ரப்பர் வளையம்) ஒரு பக்கமா தேய்க்கும். ஆயில் டிஸ்க்ல இறங்கினா பிரேக் நிக்காது.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
கண்ணால பார்க்கச் சொல்லலியே. பழைய போட்டோ ஃபிரேம் கண்ணாடி ஒண்ணை ரெண்டு பைப்புக்கும் குறுக்கே சாய்ச்சு வைக்கணும். ஒரு மூலை ஆடினா முறுக்கு இருக்கு. ஆடாம உட்கார்ந்தா இணையா இருக்கு.

லேத் பட்டறை:
ரெண்டு பைப்பும் ஒரே அளவு பின்னாடி வளைஞ்சிருந்தா? கண்ணாடி அழகா உட்காரும்ணே! எதிர்ல முட்டின வண்டியில இதுதான் நடக்கும். போன வருஷம் ஒரு பையன் கண்ணாடி வச்சுப் பார்த்துட்டு ஓட்டினான். அறுபதைத் தாண்டினா ஹேண்டில் நடுங்குதுன்னு என்கிட்ட வந்தான். கழட்டினா ரெண்டுமே வளைவு, கீழ் டி-யில முடி மாதிரி ஒரு விரிசல் வேற.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
நியாயம். அதை நான் சொல்லாம விட்டது தப்புதான். தம்பி, பைப்பைக் கழட்டி கண்ணாடி மேல உருட்டிப் பாரு. டி-யை மண்ணெண்ணெய்ல துடைச்சிட்டு வெளிச்சத்துல பாரு. ஆனா ஒண்ணு, லேத்ல பெண்டு எடுத்த பைப்பை நான் நம்பவே மாட்டேன். வளைஞ்சா புதுசுதான்.

லேத் பட்டறை:
சின்ன வளைவுன்னா பிரஸ்ல எடுத்து டயல் கேஜ் (வளைவை அளக்கற கருவி) வச்சுக் காட்டறேன். மடிப்பு விழுந்திருந்தா, குரோம் வெடிச்சிருந்தா நானே எடுக்க மாட்டேன்.

டெல்டா ரைடர்:
ரெண்டு அண்ணனுக்கும் நன்றி. கண்ணாடி வச்சேன், மூலை ஆடிச்சு. லூஸ் பண்ணித் திருப்பின பிறகு ஆடலை. பக்கத்து வீட்ல இதே வண்டி இருக்கு. மட்கார்டுக்கும் ஃபிரேமுக்கும் உள்ள இடைவெளியை அளந்தா என் வண்டியில கொஞ்சம் குறைவா இருந்துச்சு, பைப் பின்னாடி வளைஞ்சிருக்கும்னு சந்தேகம் வந்துச்சு. அதனால பைப்பைக் கழட்டி உருட்டினேன். இடது பைப் சத்தமில்லாம உருளுது. வலதுல பாதிச் சுத்துக்கு ஒரு தடவை அடியில கீத்து மாதிரி வெளிச்சம் தெரிஞ்சு மறையுது. டி-யில விரிசல் இல்லை. வலதுக்குப் புதுப் பைப்பும் ரெண்டு ஆயில் சீலும் சொல்லியிருக்கேன். ஆயில் ரெண்டு பக்கமும் ஒரே அளவு ஊத்தணும்ல?

லேத் பட்டறை:
ஆமா தம்பி, மேனுவல்ல போட்ட மில்லி கணக்குக்கு அளந்து ஊத்து. டி-யை மட்டும் ஒரு தடவை கொண்டு வந்து காட்டு, காசு வேணாம்.