நாய்க்கு வயிற்றுப்போக்கு: வீட்டில் எதுவரை சமாளிக்கலாம்?

கேள்வி: 2 வயது நாய், 12 கிலோ. காலையிலிருந்து 4 முறை தண்ணீராகப் போகிறது, ஒருமுறை வாந்தி. சுறுசுறுப்பு குறையவில்லை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில் 1: முதலில் ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு ஈரமில்லாமல் பிசுபிசுத்தால் உடலில் நீர் குறைகிறது என்று அர்த்தம். தோலை இழுத்துவிட்டுப் பார்க்கும் சோதனை வயதான, மெலிந்த நாய்களில் ஏமாற்றும், ஈறையே நம்புங்கள். வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் இயல்பு.

பதில் 2: கிண்ணம் நிறையத் தண்ணீர் வைக்காதீர்கள். மடமடவென்று குடித்தால் வயிறு விரிந்து மறுபடி வாந்தி வரும். அரை மணிக்கு ஒருமுறை 3 மேசைக்கரண்டி போதும். வாந்தி நின்றபின் தோல், எலும்பு, உப்பு, எண்ணெய் இல்லாமல் வேகவைத்த கோழி 1 பங்கு, குழைந்த சோறு 2 பங்கு. நாலைந்து சிறு வேளைகளாக. வெங்காயம், பூண்டு கூடவே கூடாது, ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

பதில் 3: மனிதர்களுக்கான மாத்திரை எதுவும் தராதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். வலி மாத்திரையான இபுப்ரூஃபென் இரைப்பையில் புண்ணாக்கி சிறுநீரகத்தையும் கெடுக்கும். மலத்தில் ரத்தம், வெளுத்த ஈறு, வயிறு உப்பி எதுவும் வராமல் ஓங்கரிப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். தடுப்பூசி முடியாத குட்டி என்றால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். ஒருநாள்கூடத் தள்ளக் கூடாது.