சானடோரியம் ஸ்டேஷனுக்கு அந்தப் பேர் எப்படி வந்தது?

மதுரைக்காரன்:
மெப்ஸ் என்ற ஏற்றுமதித் தொழில் வளாகத்தில் வேலை கிடைத்து சென்னை வந்து மூன்று மாதம் ஆகிறது. தினமும் சைதாப்பேட்டையில் ஏறி தாம்பரம் சானடோரியத்தில் இறங்குகிறேன். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் ஊர்ப்பெயர். நடுவில் இது மட்டும் என்ன? ரூமில் கூட இருப்பவன், முன்பு ஏதோ சானிட்டரி கம்பெனி இருந்திருக்கும் என்று அடித்துச் சொல்கிறான். நம்பலாமா?

ஜிஎஸ்டி ரோடு:
நம்பாதீர்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் டி.பி. ஆஸ்பத்திரிதான் காரணம். சானடோரியம் என்றால் காசநோயாளிகள் தங்கி சிகிச்சை பெறும் இடம். இப்போது அதற்கு அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை என்று பெயர்.

சிட்லப்பாக்கம் பெருசு:
தம்பி, முதலில் ஒரு திருத்தம். குரோம்பேட்டையும் பழைய ஊர்ப்பெயர் இல்லை. குரோம் லெதர் என்ற தோல் தொழிற்சாலையால் வந்தது. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன், ஒன்றுக்குத் தோல், ஒன்றுக்குக் காசம்!

டாக்டர் சவுரிமுத்து என்பவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பக்கம் காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் அங்கே உடம்பு சரியில்லாமல் கிடந்தபோது கொஞ்ச காலம் இவரிடம்தான் சிகிச்சை. ஊர் திரும்பிய டாக்டர் 1928இல் இங்கே பச்சைமலைப் பக்கம் ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் காசத்துக்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான். அதனால்தான் பட்டணத்தை விட்டு இவ்வளவு தள்ளி. அந்த வழியாகப் போகும் பீச்–தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஓடத் தொடங்கியது 1931இல்.

இதெல்லாம் பெரியவனான பிறகு தெரிந்துகொண்டது. எனக்கு அந்த ஸ்டேஷன் என்றால் சாப்பாட்டுத் தூக்குதான். 1974இல் என் பெரியப்பா அங்கே எட்டு மாதம் இருந்தார். நாங்கள் மாம்பலத்தில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை அம்மா ரசம் சாதமும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு கிளம்புவார், நான் கூடப் போவேன். கவுண்டரில் "சானடோரியம் ஒண்ணரை" என்று கேட்டால் பின்னால் நிற்பவர் ஓரடி தள்ளி நிற்பார். ஒருமுறை அப்படி ஆனதும் அம்மா அந்தப் பேரைச் சொல்வதையே விட்டுவிட்டார். "தாம்பரம் ஒண்ணரை" என்பார். அட்டை டிக்கெட்டில் டக்கென்று தேதி குத்தி வரும். ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கிவிடுவோம். கையில் தூக்கோடு இறங்குகிறவர்களைப் பெட்டியில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், அதை மறைக்க முடியாதே. பெரியப்பா குணமாகி வந்து இன்னும் இருபது வருஷம் இருந்தார். காற்றால் அல்ல, ஊசியாலும் கை நிறைய மாத்திரையாலும்.

அப்புறம் ஒரு வேடிக்கை. மாத்திரை சாப்பிட்டால் வீட்டில் இருந்தபடியே சானடோரியத்தில் சேர்ந்த அளவுக்குக் காசம் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது இதே சென்னையில் நடந்து 1959இல் வெளிவந்த ஆய்வுதான். வெளிநாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடின. இங்கே ஒரு ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது.

மீட்டர்கேஜ் விசிறி:
பெருசு சொன்ன வண்டி மீட்டர்கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதையில் ஓடியது. 1967இல் பழைய டி.சி. மின்சாரத்தை மாற்றி ஏ.சி. ஆக்கினார்கள். 2004 ஜூலையில் மீட்டர்கேஜ் எலெக்ட்ரிக் ட்ரெயின் நின்றே போனது. 2005இல் அதே ரோட்டில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் வந்தது. இப்போது காலையில் இறங்கும் கூட்டத்தில் பாதி மெப்ஸ், மீதி சித்தா டோக்கன்.

மதுரைக்காரன்:
நன்றி ஐயா. ரூமில் படித்துக் காட்டினேன், "சானிட்டரிக்குக் கிட்டத்தட்டச் சரிதானே" என்கிறான். இப்போது தூக்கோடு யாராவது இறங்குகிறார்களா?

சிட்லப்பாக்கம் பெருசு:
எவர்சில்வர் தூக்கு அபூர்வம். டப்பாவைத் துணிப்பையில் போட்டு எடுத்துப் போகிறார்கள். போன வாரம் ஒரு அம்மாள் படியிறங்கும்போது பை சாய்ந்து ரசம் கொட்டிவிட்டது. மிளகு வாசனை டிக்கெட் கவுண்டர் வரைக்கும் வந்தது.