ரம் கேக் கொடுத்து உறுத்தலோடு வந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

அடுப்பங்கரை:
தோழிக்கு 40வது பிறந்தநாள். அவள் வீகன் (பால், முட்டை, தேன் என விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடமாட்டாள்), வருகிறவர்கள் எல்லாரும் பெரியவர்கள். அதனால் டார்க் ரம் சேர்த்து வீகன் சாக்லேட் கேக் செய்தேன். சோயா பாலில் வினிகர் விட்டுத் திரியவைத்து, சமையல் சோடா சேர்க்கிற வழக்கமான முறைதான். நன்றாகவே உப்பி வந்தது. சூடு ஆறுமுன் குச்சியால் குத்திவிட்டு, சர்க்கரைப் பாகில் அரை கப் ரம் கலந்து கரண்டி கரண்டியாக ஊற்றினேன். பக்கத்தில் 'வீகன், முட்டை இல்லை' என்று அட்டை எழுதி வைத்தேன். ரம் பற்றி எழுதத் தோன்றவில்லை. மணமே சொல்லிவிடும் என்று இருந்துவிட்டேன்.

ஒருவர் ஒரு வாய் போட்டார். மெல்லவில்லை. வாயை மூடியபடியே என்னைப் பார்த்தார். டிஷ்யூ எடுத்து அதில் துப்பி, நான்காக மடித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "குடியை விட்டு ரெண்டு வருஷம் ஆகுதுங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. அந்த மடித்த டிஷ்யூ இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மாவுக்கை:
இதற்குப் போய் இவ்வளவு வருத்தப்படாதீர்கள். கேக் வெந்தால் ஆல்கஹால் ஆவியாகிவிடும், மணம்தான் மிஞ்சும். எனக்கு நடந்தது வேறு. முட்டைக்குப் பதில் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை நுரைக்க அடித்து வைத்திருந்தேன். கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம். அதில் விஸ்கியை நேராக ஊற்றினேன். கண்ணெதிரே அமுங்கி, அடியில் தண்ணீர் நின்றது. விருந்துக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது. இப்போதெல்லாம் விஸ்கியை மாவில் கலந்துவிட்டு, நுரையைக் கடைசியாகத்தான் சேர்க்கிறேன்.

இரவுச்சமையல்:
மாவுக்கை, நீங்கள் சொன்னது தவறு. இதைப் படித்து இன்னொருவர் நம்பிவிடக் கூடாது. ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், சரி. ஆனால் மாவில் தண்ணீரோடு கலந்துவிட்டால் அது மட்டும் தனியாகக் கிளம்பிப் போய்விடாது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, கலந்து அரை மணி நேரம் வேகவைத்தால் சுமார் 35 சதவீதம் தங்குகிறது, ஒரு மணி நேரத்துக்கு 25. இரண்டரை மணி நேரம் ஆனாலும் 5 சதவீதம் இருக்கும். அதிலும் இவர் ஊற்றியது கேக் வெந்த பிறகு! அது அடுப்பையே பார்க்காத ரம்.

அப்புறம், 'வீகன்' என்று எழுதுமுன் பாட்டிலையும் படியுங்கள். ரம், வோட்கா, விஸ்கி காய்ச்சி வடித்தவை, பெரும்பாலும் பிரச்சினை இல்லை. லிக்கர் என்கிற இனிப்பு மதுக்களில், கிரீம் லிக்கர்களில் பொதுவாகப் பால் இருக்கும், சிலவற்றில் தேன். ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கருவோ மீனிலிருந்து எடுக்கும் பசையோ சேர்ப்பதுண்டு. பாகில் ரம் கலக்கும்போது அடுப்பை அணைத்துவிட்டுக் கலக்குங்கள், அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். கர்ப்பிணிகள், மருந்து சாப்பிடுகிறவர்கள், வண்டி ஓட்டப் போகிறவர்கள் என்று எல்லாரும்தான் வருவார்கள். அதனால் மாவை இரண்டு டின்னில் ஊற்றி, ஒன்றுக்கு ஆரஞ்சுச் சாறு கலந்த பாகு விடுங்கள். வெட்டுவதற்கும் தனிக் கத்தி.

என் கதை சின்னது. கிரீம் லிக்கர் ஊற்றிய கேக்கை வீகன் என்று சொல்லிக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்த பெண் காலி பாட்டிலைத் திருப்பிப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தாள்.

அடுப்பங்கரை:
இரவுச்சமையல், அந்தக் கணக்கு எனக்கு அன்றைக்குத் தெரியாது. மாவுக்கை, நீங்கள் எழுதிய அதே வார்த்தையைத்தான் நானும் அவரிடம் சொன்னேன். "வெந்துடுச்சுங்க, ஒண்ணும் இருக்காது." முதலில் இதை எழுதாமல் விட்டுவிட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டார்.