மறு: 'ஹாஃப் கேப்' பஸ்ஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

> 'அரையறைப் பேருந்து' என்று வைத்தால் என்ன? கேப் என்றால் ஓட்டுநர் அறைதானே.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் ஐயா, 'அரைகுறைப் பேருந்து' என்றுதான் காதில் விழுகிறது. அது போகட்டும். பழைய பிரிட்டிஷ் சுற்றுலாப் படங்களில் வரும் பஸ்களை இனம் பிரித்துச் சொல்லத்தான் நமக்கு இந்தச் சொல் வேண்டும். கடற்கரைச் சாலை, ஒரு வளைவு, மூன்று நொடி. அதற்குள் கண்ணில் படுவது வண்டியின் முகம்தான். பெயரும் முகத்தை வைத்தே இருக்கட்டும்.

அந்த முகம் இப்படி: வலப்புறம் ஓட்டுநருக்கு ஒடுக்கமான கூண்டு, ஏறி இறங்க வெளியிலிருந்து தனிக் கதவு. பக்கத்தில் எஞ்சின், அதை மூடிய பானெட். பானெட்டுக்கு மேலே ஒன்றுமில்லை, வெட்டவெளி. அதற்குப் பின்னால் பயணிகள் பகுதியின் முன் கண்ணாடி. முன் இருக்கைக்காரருக்குச் சாலை நன்றாகத் தெரியும், ஆனால் ஓட்டுநரிடம் காசு நீட்ட வழியில்லை. ஆக, கண்டக்டர் இல்லாமல் இந்த வண்டி சரிப்படாது. ஓட்டுநரை எஞ்சினுக்குப் பின்னால் வைக்காமல் பக்கத்தில் உட்கார வைத்தது இடத்தை மிச்சம் பிடிக்கத்தான். 1950 வரை இரண்டு அச்சு ஒற்றைத்தட்டு பஸ் 27 அடி 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சட்டம்.

> எஞ்சின் முன்னால் இருப்பதால் 'முன்பொறிப் பேருந்து' பொருந்தும்.

பொருந்தாது. பெட்ஃபோர்டு ஓபிக்கும் எஞ்சின் முன்னால்தான். 1939இல் வந்து 1951 வரை தயாரான வண்டி அது. டூப்பிள் நிறுவனம் பாடி கட்டிய 29 இருக்கை வண்டிகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நீண்ட மூக்கு, அதற்குப் பின்னால் ஓட்டுநரும் பயணிகளும் ஒன்றாக. நம் ஊர் மூக்கு லாரி ஜாடை.

இன்னொரு சிக்கலும் உண்டு. லேலண்ட், ஏஇசி என்ற இரு வண்டித் தயாரிப்பாளர்களின் ராயல் டைகரும் ரீகல் 4-உம் எஞ்சினைத் தரைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு 30 அடி நீளத்தில் வந்தபோது, அதுவரை ஓடிய கோச்சுகள் (சுற்றுலாவுக்கும் வெளியூர்ப் பயணத்துக்குமான வண்டிகள்) கிழடு தட்டித் தெரிந்தன. முதலாளிகள் சிலர் பழைய சேசிஸிலேயே (அடிச்சட்டத்திலேயே) முன்புறம் முழுக்கத் தகடு அடித்து, அகலக் கண்ணாடி மாட்டிப் புது வண்டி போல ஓட்டினார்கள். எஞ்சின் என்னவோ இருந்த இடத்திலேயே இருந்தது! பொறியை வைத்துப் பெயரிட்டால் பழைய முகமும் புது முகமும் ஒரே பெயருக்குள் போய்விடும்.

ஆகவே என் முன்மொழிவு: ஹாஃப் கேப்புக்கு அரைமுகப்பு, முன்புறம் முழுக்க மூடியதற்கு முழுமுகப்பு. பெட்ஃபோர்டு ஓபி வகைக்கு மூக்குப் பேருந்து.

> அரைமுகப்பு என்றால் படம் 1940களில் எடுத்தது என்று சொல்லிவிடலாம், இல்லையா?

கோச் என்றால், வண்டி அந்தக் காலத்தில் செய்தது என்று ஓரளவு சொல்லலாம். படத்தின் வயது வேறு கணக்கு. இரட்டைத்தட்டு பஸ்ஸில் அதுவும் செல்லாது. லண்டனின் ரூட்மாஸ்டர் என்ற இரட்டைத்தட்டு பஸ்ஸை 1968 வரை அரைமுகப்போடுதான் கட்டினார்கள். கடைசி முழுநேரத் தடமான 159இல் அது 2005 டிசம்பர் 9 வரை ஓடியது. ஆண்டு தெரிய நம்பர் பிளேட்டைப் பாருங்கள். 1963 முதல் எண்ணின் கடைசியில் ஆண்டு எழுத்து வரத் தொடங்கியது, சி என்றால் 1965. ஆனால் 1965 வரை எல்லா ஊர்களிலும் அது கட்டாயமில்லை. எழுத்து இருந்தால் படம் அந்த ஆண்டுக்கு முந்தியது அல்ல, அவ்வளவுதான். எழுத்து இல்லாவிட்டாலும் கவலையில்லை, ஊராவது தெரியும். டிஎல் என்று இருந்தால் இங்கிலாந்தின் தென்கரைக்கு அருகிலுள்ள வைட் தீவில் பதிவான வண்டி. 1972 முதல் அரசின் நேஷனல் பஸ் கம்பெனி தன் கீழிருந்த நிறுவனங்களின் கோச்சுகளுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கியது. ராயல் ப்ளூவின் நீலமும் சவுத்டவுனின் பச்சையும் பளிச்சென்று தெரிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்திய படம்.

'இரட்டைத்தட்டு' என்று நான் எழுதியதைச் சிலர் கேட்கக்கூடும். சென்னையில் மாடி பஸ் என்போம். ஆனால் இலங்கைப் போக்குவரத்துச் சபை லண்டனின் பழைய ஆர்டி வகை மாடி பஸ்களை வாங்கி ஓட்டியது, அவையும் அரைமுகப்புதான். அந்த வண்டியோடு பழகிய இலங்கைத் தமிழரின் சொல்லையே எடுத்துக்கொள்வோமே. 'ஈரடுக்கு' எனக்கு அடுக்குமாடி விளம்பரம் போலத் தோன்றுகிறது.

கோச்சைக் கோச் என்றே விடலாம். 'சுற்றுலாப் பேருந்து' என்றால் ராயல் ப்ளூ போல அட்டவணைப்படி ஊர்விட்டு ஊர் ஓடியவை வெளியே நின்றுவிடும்.

அப்புறம், நம் சொற்பட்டியலில் ஒன்று பாக்கி இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் பிஇஏ (பிரிட்டிஷ் யூரோப்பியன் ஏர்வேஸ்) விமானப் பயணிகளை லண்டனுக்கும் ஹீத்ரோவுக்கும் இடையே ஏற்றிச்சென்ற ஏஇசி வண்டிகள். பின்பாதி மட்டும் உயர்ந்திருக்கும், அதன் அடியில் பெட்டி படுக்கை வைக்கும் அறை. முழுமுகப்புதான், ஆனால் தட்டுக் கணக்கில் ஒன்றுமில்லை, இரண்டுமில்லை. 'ஒன்றரைத்தட்டு' என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.